டாலரா? ரூபாயா?

வெளிநாட்டில் கார்டு தேய்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

சட்டைப் பையில் ஒரே ஒரு அட்டை. அதை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றி வந்துவிடலாம்!

சிங்கப்பூரில் சாப்பிடலாம். துபாயில் துணி எடுக்கலாம். லண்டனில் ரெயில் டிக்கெட் வாங்கலாம். அந்தந்த நாட்டு நோட்டு கையில் இருக்க வேண்டும் என்பது இல்லை. கடைக்காரர் சிறிய எந்திரம் ஒன்றை நீட்டுவார். அட்டையைக் காட்டினால் போதும். "டிங்" என்று ஒரு சத்தம். பணம் கொடுத்தாகிவிட்டது!

இது ஓர் அற்புதம்தான். சந்தேகம் இல்லை.

ஊர் திரும்புகிறோம். பெட்டியைப் பிரித்து, வாங்கி வந்த சாமான்களை உற்றார் உறவினருக்குக் கொடுத்து முடிக்கிறோம். பிறகு ஒரு நாள் பாங்கியில் இருந்து பில் வருகிறது. அதைப் பார்த்ததும் பலருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"நாம் வாங்கியது 70,000 ரூபாய்க்குத்தானே? 72,891 ரூபாய் என்று போட்டிருக்கிறதே!"

அந்த 2,891 ரூபாய் எங்கே போயிற்று? யார் வாங்கினார்கள்? எதற்காக வாங்கினார்கள்? அதைத் தவிர்க்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு பெரிய கணக்குப் புலி தேவை இல்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

நாலு கை மாறும் பணம்

கிரெடிட் கார்டு என்பது கடன் அட்டை. நாம் பொருள் வாங்குகிறோம். பாங்கி நமக்காகப் பணம் கொடுக்கிறது. பிறகு நாம் பாங்கிக்குக் கொடுக்கிறோம்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1950-ம் ஆண்டு, நியூயார்க் நகரில், பிராங்க் மெக்னமாரா என்பவர் "டைனர்ஸ் கிளப்" என்ற பெயரில் ஓர் அட்டையைக் கொண்டுவந்தார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தபோது அவர் சட்டையில் பணப்பை இல்லை என்றும், அப்போதுதான் இந்த யோசனை பிறந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். அந்த முதல் அட்டை பிளாஸ்டிக் அல்ல. வெறும் காகித அட்டை!

அட்டைக்காரர் சாப்பிட்டார். ஓட்டல்காரர் தமக்கு வரவேண்டிய பணத்தில் நூற்றுக்கு 7 வீதம் டைனர்ஸ் கிளப்புக்கு விட்டுக்கொடுத்தார். ஆக, முதல் நாளில் இருந்தே கார்டு இலவசம் அல்ல. யாரோ ஒருவர் கூலி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரே ஊருக்குள் இருந்தவரை கணக்கு சுலபம். அட்டை கடல் கடந்தபோதுதான் சிக்கல் பிறந்தது.

சிங்கப்பூர்க் கடைக்காரருக்குச் சிங்கப்பூர் டாலர் வேண்டும். நம்மிடம் இருப்பதோ ரூபாய். நடுவில் யாராவது ஒருவர் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

பணம் போகும் வழி இதுதான். முதலில் கடைக்காரர். அடுத்து, கடைக்காரருடைய பாங்கி. அதற்கு அடுத்து, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கம்பெனி. (இந்த விசா, விமானம் ஏறுவதற்கு முன் வாங்கும் விசா அல்ல. கார்டு கம்பெனியின் பெயர்!) கடைசியில், நமக்கு அட்டை கொடுத்த நம் ஊர்ப் பாங்கி.

டாலருக்கு இத்தனை ரூபாய் என்று தினமும் ஒரு விலையைக் கார்டு கம்பெனி நிர்ணயிக்கிறது. அந்த விலை பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். தங்கள் இணையதளத்திலும் அதை வெளியிடுகிறார்கள். யாரும் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் கார்டு தேய்த்த நாளின் விலைதான் பில்லில் வரும் என்பது இல்லை, கணக்கு தீர்க்கப்படும் நாளின் விலையும் வரலாம். இரண்டுக்கும் நடுவில் ஓரிரு நாள் ஆகலாம். அதற்குள் டாலர் ஏறினால் நமக்கு நஷ்டம். இறங்கினால் லாபம்.

இதுவரை பெரிய குறை எதுவும் இல்லை. இனிமேல்தான் கதையே இருக்கிறது.

நூற்றுக்கு மூன்றரை

அந்த விலையின் மேல் நம் ஊர்ப் பாங்கி ஒரு தொகையைக் கூட்டுகிறது. இதற்கு "மார்க்-அப்" என்று பெயர். அன்னியச் செலாவணிக் கட்டணம் என்றும் சொல்லலாம்.

இந்தியப் பாங்கிகள் கொடுக்கும் பல கார்டுகளுக்கு இது நூற்றுக்கு மூன்றரை. சில கார்டுகளுக்கு 2 சதவீதம். ஒன்றுமே வாங்காத கார்டுகளும் சில உண்டு.

மூன்றரையோடு முடிந்ததா? இல்லை. கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். கணக்கு சுலபமாக இருப்பதற்காக 1 சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1,000 டாலருக்குச் சாமான் வாங்குகிறீர்கள். 70,000 ரூபாய் ஆயிற்று. மார்க்-அப் மூன்றரை சதவீதம். அது 2,450 ரூபாய். அந்த 2,450 ரூபாய்க்கு 18 சதவீதம் வரி. அது 441 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,891 ரூபாய்!

தூக்கிவாரிப் போட்ட அந்தத் தொகை இதுதான்.

அதாவது, வெளிநாட்டில் செலவு செய்யும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 4 ரூபாய் 13 காசு கூடுதலாகப் போகிறது. ஒரு காப்பி குடித்தால் தெரியாது. ஒரு குடும்பம் பத்து நாள் தங்கி, 2 லட்சம் ரூபாய் செலவு செய்துவிட்டு வந்தால், 8,260 ரூபாய்! பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு உடுப்பும் புத்தகமும் வாங்கும் பணம் அது.

"எனக்குத்தான் கார்டில் பாயிண்ட் கொடுக்கிறார்களே!" என்று சிலர் சொல்லலாம். சாதாரணக் கார்டுகளில் 100 ரூபாய்க்குக் கிடைக்கும் பாயிண்ட்டின் மதிப்பு பெரும்பாலும் ஒரு ரூபாயைக்கூட எட்டுவது இல்லை. ஒரு ரூபாய் வரவு, நாலு ரூபாய் செலவு. இது லாபமா?

எந்திரம் கேட்கும் கேள்வி

பாங்கி வாங்கும் கட்டணமாவது, கார்டு வாங்கும்போதே எழுதப்பட்டுவிட்ட கட்டணம். ஆனால் கடையில், கல்லாப்பெட்டிக்கு முன்னால், இன்னொரு கட்டணம் காத்திருக்கிறது. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

கார்டை எந்திரத்தில் வைத்தவுடன், அது இந்தியக் கார்டு என்று எந்திரம் கண்டுபிடித்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகை தெரியும். ஒன்று அந்த நாட்டு நாணயத்தில். மற்றொன்று நம் ரூபாயில். எது வேண்டும் என்று கேட்கும்.

ரூபாய்க்கு அருகில் ஐ.என்.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். சிங்கப்பூர் டாலர் என்றால் எஸ்.ஜி.டி. அமெரிக்க டாலர் என்றால் யு.எஸ்.டி. துபாய் திர்ஹாம் என்றால் ஏ.இ.டி.

ஊரை விட்டு வந்த இடத்தில் ரூபாயைப் பார்த்ததும் நமக்கு ஒரு சந்தோஷம். "அப்பாடா! நம் கணக்கிலேயே தெரிந்துவிட்டது" என்று ரூபாயை அழுத்திவிடுகிறோம்.

அங்கேதான் ஏமாறுகிறோம்!

ரூபாயை அழுத்தினால், பணத்தை மாற்றுவது கார்டு கம்பெனி அல்ல. கடைக்காரரின் பாங்கியோ, அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வேறு கம்பெனியோ மாற்றுகிறது. அவர்கள் தாங்களே ஒரு விலை வைத்துக்கொள்கிறார்கள். 70 ரூபாய் டாலரை 73 என்பார்கள், 74 என்பார்கள். அதற்கு மேலும் சொல்வது உண்டு. கிடைக்கும் லாபத்தில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. சில கடைகளில் ஊழியரே நம்மைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, ரூபாயில் கொடுத்துவிட்டோம். இனி நம் ஊர்ப் பாங்கி கட்டணம் வாங்காதா? அதுவும் இல்லை! வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் தேய்த்தாலும் ஒரு கட்டணம் என்று பல பாங்கிகள் விதி வைத்திருக்கின்றன. நூற்றுக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு.

ஒரே சாமான், மூன்று விலை!

இப்போது மூன்று பேரை ஒரே கடைக்கு அனுப்புவோம். மூவரும் 1,000 டாலர் விலையுள்ள ஒரே மாதிரி சாமானை வாங்குகிறார்கள்.

முதல் ஆளிடம் இருப்பது மார்க்-அப் இல்லாத கார்டு. அவர் டாலரை அழுத்துகிறார். அவருக்கு ஆன செலவு 70,000 ரூபாய்.

இரண்டாவது ஆளிடம் இருப்பது மூன்றரை சதவீதக் கார்டு. அவரும் டாலரை அழுத்துகிறார். அவருக்கு ஆன செலவு 72,891 ரூபாய்.

மூன்றாவது ஆளிடமும் அதே மூன்றரை சதவீதக் கார்டுதான். ஆனால் அவர் ரூபாயை அழுத்துகிறார். கடைக்காரர் டாலருக்கு 74 ரூபாய் போடுகிறார். 74,000 ரூபாய் ஆயிற்று. அதன் மேல் பாங்கிக் கட்டணம் 1 சதவீதமும், வரியும் சேர்ந்து 873 ரூபாய். மொத்தம் 74,873 ரூபாய்!

ஒரே கடை. ஒரே சாமான். ஒரே நாள். முதல் ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் வித்தியாசம் 4,873 ரூபாய்.

இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் வித்தியாசம் 1,982 ரூபாய். இந்த இருவரிடமும் இருந்தது ஒரே மாதிரி கார்டு. ஒருவர் அழுத்தியது ஒரு பொத்தான். மற்றவர் அழுத்தியது பக்கத்துப் பொத்தான். அவ்வளவுதான்!

ஆகவே, எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள். இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டுக்காரருடையது. கடைக்காரருடையது அல்ல. கார்டு கம்பெனிகளின் விதியே அப்படித்தான் சொல்கிறது.

கடை ஊழியர் கேட்காமல் ரூபாயில் போட்டுவிட்டால், கையெழுத்துப் போடும் முன் சீட்டைப் பாருங்கள். "இதை ரத்து செய்துவிட்டு, உங்கள் நாணயத்தில் போடுங்கள்" என்று கேளுங்கள். அங்கேயே கேட்டால் வேலை சுலபம். கேட்டும் மறுத்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் பாங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு சட்டமே செய்திருக்கிறார்கள். நாணயத்தை மாற்றித் தருகிறவர்கள், ஐரோப்பிய மத்திய பாங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வைக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் உத்தரவு போட்டது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி இது அமலுக்கு வந்தது.

"டிக்ளைன்" என்றால் பயம் வேண்டாம்

பணம் எடுக்கும் ஏ.டி.எம். எந்திரத்திலும் இதே கேள்வி வரும்.

"இந்த விலையில் ரூபாயாக மாற்றலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும். கீழே இரண்டு பொத்தான். ஒன்று "அக்செப்ட்". மற்றொன்று "டிக்ளைன்".

"டிக்ளைன்" என்றால் "வேண்டாம்" என்று பொருள். அதை அழுத்தினால் பணமே வராமல் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். பணம் வரும். எந்திரம் சொன்ன விலைதான் வேண்டாம் என்கிறீர்கள். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நியாயமான விலையில் மாற்றும் வேலை கார்டு கம்பெனிக்குப் போய்விடும்.

ஆனால், கிரெடிட் கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கலாமா? வேறு வழியே இல்லை என்றால் ஒழிய, எடுக்காமல் இருப்பதே நல்லது.

கடையில் தேய்த்தால், பில் கட்டும் கடைசித் தேதி வரை வட்டி இல்லை. பணமாக எடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. எடுத்த நாளில் இருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்!

500 டாலர் எடுக்கிறீர்கள். பழைய கணக்குப்படி 35,000 ரூபாய். பணம் எடுத்த கட்டணம் இரண்டரை சதவீதம் என்றால் 875 ரூபாய். மார்க்-அப் மூன்றரை சதவீதம், 1,225 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 378 ரூபாய். இதுவே 2,478 ரூபாய் ஆகிவிட்டது. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால், ஒரு மாதத்துக்கு இன்னொரு 1,225 ரூபாய். ஆக மொத்தம் 3,703 ரூபாய்! அந்த எந்திரத்தின் சொந்தக்காரரான வெளிநாட்டுப் பாங்கி தனியாகக் கட்டணம் கேட்டால் அதுவும் இதன் மேல் சேரும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அந்தக் கதைதான்!

அமெரிக்காவை உலுக்கிய வழக்கு

இந்தக் கட்டணத்தைப் பற்றி நம்மைப்போல அமெரிக்கர்களும் ஒரு காலத்தில் அறியாமல் இருந்தார்கள். ஐரோப்பாவுக்கும் மெக்சிகோவுக்கும் போய்க் கார்டு தேய்த்துவிட்டு வந்தார்கள். பில் வந்தது. கட்டினார்கள். அதில் கட்டணம் என்று தனியாக எதுவும் இல்லை. நாணயம் மாற்றும் விலைக்குள்ளேயே கட்டணம் ஒளிந்துகொண்டிருந்தது!

கார்டு கம்பெனி நூற்றுக்கு 1 எடுத்துக்கொண்டது. கார்டு கொடுத்த பாங்கிகள் பல அதற்கு மேல் 2 வரை எடுத்துக்கொண்டன. இந்த விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

முதல் வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. பொதுமக்கள் சார்பில் ஒருவர் 2000-ம் ஆண்டில் வழக்குப் போட்டார். 2003-ல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். "கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்பது தீர்ப்பு. திருப்பவேண்டிய தொகை சுமார் 80 கோடி டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

ஆனால் அங்கே ஒரு திருப்பம்! வழக்குப் போட்டவர் இந்தக் கட்டணத்தால் தாமே பணம் இழந்தவர் அல்ல. யார் வேண்டுமானாலும் பொதுமக்கள் சார்பில் வழக்குப் போடலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. 2004 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பணம் இழந்தவர்தான் வழக்குப் போடலாம் என்று ஆயிற்று. 2005-ல் மேல் கோர்ட்டு தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

இன்னொரு வழக்கு நியூயார்க்கில் நடந்தது. பல ஊர்களில் போடப்பட்ட வழக்குகளை 2001-ல் ஒன்றாகச் சேர்த்து விசாரித்தார்கள். விசா, மாஸ்டர்கார்டு, டைனர்ஸ் கிளப் ஆகியவற்றோடு பெரிய பாங்கிகளும் எதிர்வாதிகள். 2006-ல் சமரசம் ஏற்பட்டது. 33 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க அவர்கள் சம்மதித்தார்கள். தவறு செய்ததாக அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பணம் கொடுத்தார்கள்!

1996 பிப்ரவரி 1-ந்தேதியில் இருந்து 2006 நவம்பர் 8-ந்தேதி வரை வெளிநாட்டில் கார்டு தேய்த்த அமெரிக்கர்கள் பங்கு கேட்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2009-ல் கோர்ட்டு இறுதி ஒப்புதல் கொடுத்தது.

இன்று அமெரிக்காவில் பில்லிலேயே இந்தக் கட்டணம் தனியாகத் தெரிகிறது. தெரிந்தவுடன் என்ன ஆயிற்று? மக்கள் ஒப்பிட ஆரம்பித்தார்கள். "எங்களிடம் அந்தக் கட்டணமே கிடையாது" என்று விளம்பரம் செய்யும் கார்டுகள் பல வந்துவிட்டன.

மறைந்திருந்தவரை கட்டணம் நிலைத்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் போட்டி வந்தது. இந்த வழக்கு சொல்லும் பாடம் அதுதான்.

ஒளிந்த கட்டணத்தைக் கண்டுபிடிக்க

நம் ஊர் பில்லைப் பார்ப்போம். சில பாங்கிகள் மார்க்-அப்பைத் தனி வரியில் போடுகின்றன. சில பாங்கிகள் நாணயம் மாற்றும் விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. அப்போது அது கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. மட்டும் தனியாகப் பில்லில் வரும். அந்தத் தொகையை 18-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, வரி 441 ரூபாய். 18-ஆல் வகுத்தால் 24.50. 100-ஆல் பெருக்கினால் 2,450 ரூபாய். கட்டணம் வெளியே வந்துவிட்டது!

அதற்கும் முன்னாலேயே தெரிந்துகொள்ள விரும்பினால், கார்டோடு கொடுக்கும் "மிக முக்கிய நிபந்தனைகள்" என்ற தாளைப் பாருங்கள். ரிசர்வ் பாங்கி விதிப்படி ஒவ்வொரு பாங்கியும் இதைக் கொடுத்தாக வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும். ஆனால் எல்லாக் கட்டணமும் அதில்தான் இருக்கிறது. படிக்க முடியாவிட்டால் பாங்கிக்குப் போன் செய்து, "வெளிநாட்டில் தேய்த்தால் மார்க்-அப் எத்தனை சதவீதம்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.

ஊரில் இருந்தாலும் விடாது!

"நான் வெளிநாடு போகப்போவது இல்லை. எனக்கு எதற்கு இது?" என்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்தபடி, வெளிநாட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் ஓட்டல் அறை பதிவு செய்தாலும், பொருள் வாங்கினாலும் இதே கட்டணம்தான். நாம் எங்கே இருக்கிறோம் என்பது கணக்கு அல்ல. கடை எந்த நாட்டில் பதிவாகி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் கல்லூரிக் கட்டணத்தை மூன்றரை சதவீதக் கார்டில் கட்டினால், கூடுதல் செலவு 41,300 ரூபாய்! பாங்கி மூலம் நேராக அனுப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே கட்டுங்கள்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் கவனம் தேவை. 100 டாலர் கொடுத்தோம், 100 டாலர் திரும்பி வந்தது. ஆனால் ரூபாய்க் கணக்கு அப்படியே இருக்காது. திரும்பி வரும் நாளில் டாலர் என்ன விலையோ அந்த விலைதான் கிடைக்கும்.

அப்படியானால் கார்டே வேண்டாமா?

அப்படிச் சொல்வதும் சரி அல்ல.

கையில் நோட்டாக மாற்றிக்கொண்டு போனாலும் கட்டணம் உண்டு. நாணயம் மாற்றும் கடையின் பலகையைப் பாருங்கள். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என்று இரண்டு விலை எழுதி இருக்கும். நடுவில் உள்ள வித்தியாசம்தான் அவர்களுடைய கூலி. நோட்டு தொலைந்தால் தொலைந்ததுதான். கார்டு தொலைந்தால் ஒரு போன் செய்து நிறுத்திவிடலாம்.

முன்கூட்டியே டாலரை நிரப்பிக்கொண்டு போகும் "பாரெக்ஸ் கார்டு" என்ற அட்டையும் இருக்கிறது. வாங்கும் நாளிலேயே விலை முடிவாகிவிடும். பிறகு டாலர் ஏறினாலும் கவலை இல்லை. ஆனால் எந்த நாணயத்தை நிரப்பினோமோ அந்த நாணயத்தில்தான் செலவு செய்ய வேண்டும். அமெரிக்க டாலரை நிரப்பிக்கொண்டு மலேசியாவில் தேய்த்தால், இரண்டாவது முறை மாற்றுவதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் விழும்.

அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது லாபம். ஆனால் அதற்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை போகிறவர், வருடம் தவறாமல் 3,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் கட்டினால் என்ன மிச்சம்?

புறப்படும் முன்பு

பெட்டி கட்டும்போது இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் எல்லாக் கார்டுகளையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மார்க்-அப் எவ்வளவு என்று கேட்டு, ஒரு தாளில் எழுதுங்கள். குறைவாக உள்ள கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இன்னொன்று, வேறு பையில் இருக்கட்டும்.

வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்துவிடுங்கள். 2020 அக்டோபர் 1-ந்தேதி முதல், புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டி வைக்கப்படுகின்றன. இது ரிசர்வ் பாங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு. சாவி நம் கையில் இருக்கிறது. பாங்கியின் செல்போன் செயலியில் திறக்கலாம். எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று வரம்பும் போடலாம். ஊர் திரும்பியதும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

கொஞ்சம் அந்த நாட்டு நோட்டும் கையில் இருக்கட்டும். பஸ்ஸுக்கும், சிறு கடைக்கும் அதுதான் உதவும். ஏ.டி.எம்.மைத் தேடி ஓடவேண்டி வராது.

வீட்டுப் பெரியவர்கள் தனியாகப் பயணம் போகிறார்களா? மகளைப் பார்க்கவோ, பேரனைப் பார்க்கவோ போகிறவர்களுக்கு ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுங்கள். "ஐ.என்.ஆர். அழுத்த வேண்டாம். அந்த ஊர்ப் பணத்தை அழுத்துங்கள்." அந்த மூன்று எழுத்தையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பயணம் முடிந்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பில் வரும் வரை வைத்திருங்கள். ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பில்லை முழுதாக, கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். கட்டத் தவறினால் வட்டி வந்து சேரும். அந்த வட்டிக்கு முன்னால் மார்க்-அப் ஒன்றுமே இல்லை!

குடும்பத்தோடு வெளிநாடு போவது நடுத்தரக் குடும்பத்துக்குச் சாதாரண விஷயம் அல்ல. பல வருடச் சேமிப்பு. சீட்டுக் கட்டி, நகைக்கு ஒதுக்கியதில் கொஞ்சம் எடுத்து, போனஸ் பணத்தைப் பத்திரப்படுத்திச் சேர்த்த காசு. அதில் விமானக் கம்பெனிக்குக் கொடுக்கிறோம், ஓட்டலுக்குக் கொடுக்கிறோம். அதற்கு ஈடாக நமக்கு ஒன்று கிடைக்கிறது. ஆனால் தெரியாமல் அழுத்திய ஒரு பொத்தானுக்காகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக நமக்கு எதுவும் கிடைப்பது இல்லை.

எந்திரம் கேட்கும்: "டாலரா? ரூபாயா?"

ஒரு வினாடி நின்று, திரையைப் பார்த்து, பதில் சொல்லுங்கள். அந்த ஒரு வினாடியின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய்!